மீன் தின்னாத பாம்பு

"யாரை அடிக்கணும்னு மட்டும் சொல்லு," என்றேன்.

என் தங்கை ஹானியா மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டு ஜன்னலைக் காட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் வால்டி கிழவர் தக்காளிச் செடிகளுக்கு நடுவே மண்டியிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் சட்டைக் கையை மடித்தேன்.

"உட்காரு ஓரெஸ்ட்," என்றார் ஸ்வாவா. "அடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் துப்பறியலாம். அதுக்குத்தானே போர்டு மாட்டி வச்சிருக்கோம்."

ஸ்வாவா என் முதலாளி. வனவிலங்கு அதிகாரியாக இருந்து, மேலதிகாரியிடம் முறைத்துக்கொண்டு வேலையை விட்டவர். கிம்லி ஊரில் வலை பழுது பார்க்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் துப்பறியும் நிலையம். கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு மூட்டுவது மூன்றும் என் பொறுப்பு. வழக்கமாக எங்களிடம் வருவது காணாமல் போன படகும் காணாமல் போன புருஷனும்தான். இரண்டில் படகைத்தான் ஜனங்கள் அவசரமாகத் தேடச் சொல்வார்கள்.

இன்றைக்கு வந்தது பாம்பு. அதுவும் என் சொந்தத் தங்கை வீட்டுப் பாம்பு.

கார்ட்டர் பாம்பு எங்கள் ஏரிக்கரையில் யாருக்கும் பயம் தராத பிராணி. விரல் தடிமன், முதுகில் மஞ்சள் கோடு, விலாவில் சிவப்பு. குளிர் வருவதற்கு முன்னால் கூட்டம் கூட்டமாகத் தார் ரோட்டைக் கடக்கும்போது கார்ச் சக்கரத்தில் அடிபடும். அப்படி அடிபட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து வளர்ப்பவள் ஹானியா. வீட்டின் கீழறை முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். இந்தக் கோடையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

"சனிக்கிழமை மிச்சத்தையும் குடுத்துடறேண்ணே," என்றாள். "ஆர்போர்க்ல ஒரு வாத்தியார் எடுத்துக்கறேன்னார். நான் டோரியோட கால்கரி போயிடறேன். இந்தக் கெழவன் பக்கத்துல இருந்தா ஒண்ணுகூட தங்காது. ஆனா மார்த்தா... மார்த்தா வயித்துல குட்டி இருக்குண்ணே. சனிக்கிழமை வரைக்கும் தாங்குமான்னே தெரியல."

டோரி அவள் புருஷன். அதற்கு முன்னால் என் சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, உறைந்த ஏரிமேல் தூண்டில் போட ஒரே குடில். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று, 'இவனைவிட நல்லவன் மனிடோபாவில் கிடையாது' என்று பேசி, பாதியில் குரல் கம்மிப்போய் உட்கார்ந்தவன் நான்.

கீழறைக்கு இறங்கினோம். மார்த்தாவைப் பார்த்ததும் எனக்கு ஜோக் வரவில்லை. வயிறு உப்பிக் கிடந்தது. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு முகம் கூரையைப் பார்த்தது. திரும்ப முயன்று, முடியாமல், துணி பிழிவதுபோல் தன்னைத்தானே பிழிந்துகொண்டது. அதே தொட்டியில், அதன்மேலேயே சாவகாசமாக ஊர்ந்து போனது இன்னொரு பாம்பு. ஒரு கண் இல்லை. மற்றபடி உடம்பில் மினுமினுப்பு குறையவில்லை.

"இவர் யாரு?" என்றார் ஸ்வாவா.

"ஒத்தைக்கண்ணன். திமிர் பிடிச்சவன்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"செத்ததை வின்னிபெக்குக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். விஷம் ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. இல்லாம எப்படி இப்படி முறுக்கும்? சாயங்காலம் நான் வேலைக்குப் போனப்புறம் கெழவன் ஜன்னல் வழியா களைக்கொல்லி அடிச்சிருக்கான்."

"அடிக்கும்போது ஒத்தைக்கண்ணனுக்கு மட்டும் முகமூடி மாட்டிவிட்டாரா?"

நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

"ஒரே தொட்டி, ஒரே காத்து, ஒரே தண்ணி," என்றார் ஸ்வாவா. "ஒருத்தன் மட்டும் ஜம்முனு இருக்கான். அப்ப இவன் எதைச் செய்யலை? அதைச் சொல்லு."

"அவன்... மீன் திங்க மாட்டான். எவ்வளவோ பழக்கிப் பார்த்தேன். புழு மட்டும்தான்."

"மத்ததுங்க?"

ஹானியாவின் முகம் அந்த அழுகையிலும் கொஞ்சம் நிமிர்ந்தது. "நான் எல்லாம் மாத்தி மாத்திதான் குடுப்பேன். பெரிய மண்புழு, ட்ரவுட் மீன் துண்டு, நடுவுல கப்பி மீன், எப்பவாச்சும் எலிக்குஞ்சு. ஒண்ணையே குடுத்துட்டிருந்தா ஏதாவது ஒரு சத்து விட்டுப்போயிடும்."

"எனக்கு வீட்டுல தினம் சூப்புதான்," என்றேன். "அடுத்த ஜென்மத்துல உன் தொட்டியிலதான்."

"சும்மா இருண்ணே. எனக்குப் புழு மேலயும் சந்தேகம் இருக்கு. கெழவன் உரக்குழியில செவப்புப் புழு வளர்க்கறான். அது பாம்புக்கு ஆகாது. அதை எடுத்து நம்ம புழுவோட கலந்திருந்தா?"

"செவப்புப் புழு தின்னா கக்கும். கழுத்து முறுக்காது. அதோட, புழுவுல கோளாறுன்னா மொதல்ல போயிருக்க வேண்டியது ஒத்தைக்கண்ணன்." ஸ்வாவா தொட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினார். "இப்பவும் நீதான் தீனி போடறியா?"

"ஜூன்லேருந்து டோரிதான். எனக்கு முதியோர் இல்லத்துல சாயங்கால வேலையா மாத்திட்டாங்க. 'நீ களைச்சுப்போய் வர்ற, பாம்புங்களை நான் பாத்துக்கறேன்'னு அவனே கேட்டு வாங்கிக்கிட்டான்."

"என் மச்சான் தங்கம் பாஸ்," என்றேன் பெருமையாக. ஸ்வாவா படியேறினார்.

வாசலில் டோரியின் நாய் லாப்பி ஒரு சட்டிக்குள் தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. அவித்த மீன் வாடை தூக்கியது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். ஸ்வாவா குனிந்து நாயின் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

வால்டி கிழவர் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்ட இடத்திலிருந்தே முறைத்தார்.

"உன் தங்கச்சி தெரு முழுக்க என்னைக் கொலைகாரன்ங்கறா. கேட்டுட்டுப் போக வந்தியா, அடிச்சுட்டுப் போக வந்தியா?"

"பாஸ் இன்னும் முடிவு பண்ணலை," என்றேன்.

"உங்க தோட்டத்துல இப்ப யாரு புழு எடுக்கறாங்க?" என்றார் ஸ்வாவா.

கிழவர் எதிர்பார்த்த கேள்வி இதுவல்ல. கையிலிருந்த களையை உதறினார். "முன்னெல்லாம் மழை விட்டா அந்தப் பொண்ணு வந்துடும். நான் விளக்குப் பிடிப்பேன், அது பொறுக்கும். போகும்போது என் பொண்டாட்டி கையால ஒரு காப்பி. நல்ல பொண்ணு. இப்ப என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்குது." அவருக்கு வலித்தது என்று நன்றாகத் தெரிந்தது. "இந்தக் கோடையில அந்தப் பையன் வந்தான், டோரி. சின்ன டப்பா ஒண்ணு. இது எப்படிடா அத்தனைக்கும் பத்தும்னேன். ஒத்தைக்கண்ணுக்குத்தான் புழு, மத்ததுக்கெல்லாம் மீன் இருக்குன்னான்."

"என்ன மீனுன்னு சொன்னாரா?"

"நான் என்ன ஓட்டலா நடத்தறேன்? மீன்னான்."

திரும்பி நடக்கும்போது ஸ்வாவா கேட்டார். "ஓரெஸ்ட், உன் மச்சான் வீட்டு ஃப்ரீசர்ல என்ன இருக்கும்?"

"ஸ்மெல்ட் மீன். வேற என்ன? எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதான்."

வசந்தத்தில் பனி உருகியதும் ஆற்று முகத்தில் அந்த மீன் ஏறும். நெத்திலிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். நானும் டோரியும் வருஷா வருஷம் சுப்பீரியர் ஏரிக்கு வண்டி கட்டிப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று வலைக்கூடையால் அள்ளிக்கொண்டு வருவோம். மாவில் புரட்டித் தலையோடு வறுத்தால் எலும்பு, வால் ஒன்றும் மிஞ்சாது. இந்த வருஷம் அள்ளியது போதும் என்று நான் சொன்னேன். இன்னும் அள்ளு மச்சான், இன்னும் அள்ளு என்றான் அவன்.

கார்க் கொட்டகையில் ஃப்ரீசரைத் திறந்தோம். ஒரு பக்கம் ஹானியா வாங்கி வைத்த ட்ரவுட் பொட்டலங்கள், பனி படிந்து, பிரிக்காமலே கிடந்தன. மறுபக்கம் ஸ்மெல்ட் பைகள், பாதி காலி.

டோரியின் வண்டி உள்ளே வந்தது. படகுத்துறையில் மோட்டார் பழுது பார்க்கிறவன், கையெல்லாம் கிரீஸ். "அட மச்சான்! பாஸும் வந்திருக்காங்களா? எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும். பைரோகி பண்ணி வச்சிருக்கேன், வேகவச்சா போதும்." உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து என் அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பலகாரம். அவளைவிட இப்போது அவன் நன்றாகச் செய்வான்.

சமையலறையில் ஸ்வாவா ஒரு ஸ்மெல்ட் பையை மேஜைமேல் வைத்தார்.

"பாம்புங்களுக்குத் தினமும் இதுவா டோரி?"

"ஆமா. ஏன்?"

"இந்த மீன் பச்சையா இருக்கறவரைக்கும் இதுல ஒரு சாமான் இருக்கு. உடம்புல இருக்கற பி-ஒண்ணு வைட்டமினை அரிச்சுடும். எப்பவாச்சும் ஒண்ணு தின்னா ஒண்ணுமில்லை. இதையே தின்னா நரம்பு விட்டுப்போய் கழுத்து முறுக்கும். டாக்டர் விஷத்தைத் தேடினார். உள்ள போனது விஷம் இல்லை. இருந்த சத்துதான் வெளிய போயிருக்கு."

டோரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ. அப்ப நான்தானா? ஹானியா, எனக்கு என்னம்மா தெரியும்? நாம திங்கறதுதானே, அதுங்களுக்கும் நல்லதுன்னு நினைச்சேன். ட்ரவுட்டை உனக்குன்னு மிச்சம் வச்சேன்."

ஹானியா ஓடிப்போய் அவன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அழாதடா. உனக்குத் தெரியாதுல்ல. எனக்கே இந்த மீனைப் பத்தித் தெரியாதே. நான்தான் சொல்லித் தந்திருக்கணும். பாவம் வால்டி, அவரைப் போய்..." அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது அவளுக்கு. "அப்ப நாம போக வேண்டாம்டா. பாம்புங்களைக் குடுக்க வேண்டாம்."

அதைக் கேட்டதும் டோரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. "கேஸ் முடிஞ்சது பாஸ். குற்றவாளி, மீன். தண்டனை, வறுவல்."

ஸ்வாவா சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்து ஹானியாவிடம் கொடுத்தார். "பி-ஒண்ணு மாத்திரை. மார்த்தாவைப் பத்தி நீ போன்ல சொன்னப்பவே வாங்கிட்டேன். துளி பொடி பண்ணிப் புழுவுல தடவிக் குடு. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட ஊசிக்கு எடுத்துட்டுப் போ. இப்ப கீழ போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இரு." பிறகு டோரி பக்கம் திரும்பினார். "நாய்க்கு என்ன போட்டீங்க?"

"நாய்க்கா? அதே மீன்தான்."

"அவிச்சிருந்தீங்களே."

"முள்ளு குத்தும்னு..."

"நீங்க தலையோட மென்னு முழுங்கற மீன். அந்த ஓநாய் சைஸ் நாய்க்கு முள்ளு குத்துமா?"

டோரி கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஓரெஸ்ட்," என்றார் ஸ்வாவா, அவனைப் பார்த்தபடியே. "டோரியோட அப்பா என்ன தொழில் பண்ணார்?"

"மிங்க் பண்ணை வச்சிருந்தார்," என்றேன். மிங்க் என்பது கீரி மாதிரி ஒரு பிராணி. ரோமத்துக்காக வளர்ப்பார்கள்.

"தீனி?"

"ஏரி மீன்தான். கொட்டகைக்குப் பின்னாடி பெரிய அண்டாவுல கொதிக்கும் பாருங்க, அந்த நாத்தத்துக்குப் பயந்தே நான் அவங்க வீட்டுக்கு..."

"ஏன் கொதிக்க வைப்பாங்க? மிங்க்குக்கும் முள்ளு குத்துமா?"

பதில் என் நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றுவிட்டது. அந்த அண்டாவைத் துடுப்பால் கிளறிக்கொண்டு, ஆவிக்கு நடுவில் நின்று, ஒரு பையன் எனக்கு அதைச் சொல்லியிருக்கிறான். பச்சையாப் போட்டா கழுத்து முறுக்கிட்டுச் செத்துடும்டா ஓரெஸ்ட். எங்கப்பாவோட மொதல் கூட்டம் அப்படித்தான் போச்சு. வேகவச்சா அந்தக் கெட்டது போயிடும். எவ்வளவு பெரிய விஷயம் தெரிந்தவன்போல் அன்றைக்கு அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். எனக்கு அப்போது நாற்றம்தான் பெரிதாகத் தெரிந்தது. இன்றைக்கு வரைக்கும் அந்தப் பேச்சு எனக்கு ஞாபகமே வரவில்லை.

நிமிர்ந்து டோரியைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாதே மச்சான் என்று கெஞ்சுகிற கண். எத்தனையோ தடவை அந்தக் கண்ணுக்காக நான் வாத்தியாரிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

"பச்சையா போட்டா கழுத்து முறுக்கிச் செத்துடும்," என்றேன். "டோரிதான் எனக்குச் சொன்னான்."

ஹானியாவின் கை இன்னும் அவன் தோள்மேல் இருந்தது. அதை அவள் உடனே எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"டோரி?" என்றாள்.

"கால்கரில நல்ல வேலைம்மா," என்றான் அவன். "ரெண்டு வருஷமா கூப்பிடறாங்க. நான் எப்பப் பேசினாலும் நீ, பாம்பு, பாம்பு, பாம்பு. அதுங்க இல்லைன்னா நீ வந்துடுவேன்னு நினைச்சேன். ஒத்தைக்கண்ணனைப் பட்டினி போடலையே நான். தனியாப் புழு கொண்டாந்து போட்டேனே. வலிக்காம மெதுவா..."

"வலிக்காமலா?" என்றாள் ஹானியா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு மேஜையையே கவிழ்த்திருப்பேன். ஆனால் அந்த மீனை அள்ளியபோது அவன் பக்கத்தில் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தானே. குளிரில் பல் கிட்டிப்போக, பாட்டுப் பாடிக்கொண்டு அள்ளினோம். அப்போதே அவன் மனசில் இது இருந்ததா, இல்லை பிறகுதான் தோன்றியதா? கேட்டால் சொல்லுவான். அவன் சொல்வதை நம்பத்தான் எனக்கு இனிமேல் வழியில்லை.

ஹானியா கத்தவில்லை. கத்தினால் தேவலை என்றிருந்தது.

"ஒவ்வொண்ணும் சாகறப்ப நான் கீழ உட்கார்ந்து அழுவேன்," என்றாள். "நீ வந்து பக்கத்துல உட்காருவே. என் தலையைத் தடவிக் குடுப்பே. எனக்குத் தூக்கம் வர்றவரைக்கும் தடவிக் குடுப்பே. அடுத்த நாள் நான் வேலைக்குக் கிளம்பினதும் கீழ போய் மறுபடி அந்த மீனைத்தான் போடுவியா?"

"ஹானியா..."

"போடுவியான்னு கேட்டேன்."

"ஆமா," என்றான்.

அவள் புட்டியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஸ்வாவா பின்னாலேயே போனார். நானும் டோரியும் சமையலறையில் தனியாக இருந்தோம். வழக்கமாக இந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லி அவனைச் சிரிக்க வைத்திருப்பேன்.

"மச்சான், நீயாவது புரிஞ்சுக்கோடா," என்றான். "அவ மேல இருக்கற ஆசையிலதான்..."

"பேசாத," என்றேன்.

அவன் என்ன செய்வது என்று தெரியாமல், கை பழகிய வேலையைச் செய்யப் போனான். கை கழுவி, தண்ணீர் கொதிக்க வைத்துப் பைரோகியைப் போட்டான். வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கினான். எல்லாத் தட்டிலும் பரிமாறி, ஹானியாவின் தட்டில் மட்டும் அவளுக்குப் பிடித்தபடி புளித்த பாலேட்டைக் கூடுதலாக வைத்தான். நல்ல மணம். காலையிலிருந்து சாப்பிடாத என் வயிறு வெட்கமில்லாமல் கூவியது.

படியில் சத்தம் கேட்டது. ஹானியா வந்தாள், விரலில் மண் ஒட்டியிருந்தது; பின்னாலேயே ஸ்வாவா.

"மார்த்தா புழுவைப் பிடிச்சுட்டாண்ணே. மொதல்ல தடுமாறினா. அப்புறம் முழுசா முழுங்கிட்டா." அதை என்னிடம்தான் சொன்னாள். அவன் பக்கம் திரும்பவில்லை. "பாஸ் சொல்றாங்க, பொழைக்கலாமாம். உறுதியில்லை. ஆனா பொழைக்கலாமாம்."

டோரி அவளுடைய நாற்காலியை இழுத்து வைத்தான். "ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுத் திட்டு ஹானியா. காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடலை."

அவள் நின்றபடியே தட்டைப் பார்த்தாள். ஆவி வந்துகொண்டிருந்தது. வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அந்தத் தட்டை மேஜைமேல் அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"நீ முதல்ல சாப்பிடு," என்றாள்.

டோரி அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முள்கரண்டியை எடுத்து ஒன்றைக் குத்தி வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். கண்ணீர் வழிந்து தாடையில் இறங்கியது. விழுங்கிவிட்டு, இன்னொன்றை எடுத்தான்.

அந்தத் தட்டில் விஷம் ஒன்றும் இல்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஹானியா உட்காரவில்லை. ஸ்வாவா கோட்டை மாட்டிக்கொண்டார். என் முன்னாலிருந்த தட்டை நானும் தொடவில்லை.